சுவரா, கூரையா, ஜன்னலா: இடித்துக் கட்டும்போது பணம் முதலில் எதற்கு?

மே மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கு எங்கள் படுக்கையறையின் மேற்குச் சுவரில் கை வைத்தால், அடுப்பை அணைத்துச் சற்று நேரம் ஆன தோசைக்கல்லைத் தொட்டது போலிருக்கும். பொழுது சாய்ந்து இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும். சுவருக்கு மட்டும் இன்னும் சாயங்காலம். எங்களுடையது மேல் மாடி வேறு, தலைக்கு நேர் மேலே மொட்டை மாடி. ஏசி ஓடிக்கொண்டே இருக்கும், அறை குளிர நள்ளிரவு ஆகும்.

அம்பத்தூரில் இருக்கும் இந்த 12 வீட்டு அடுக்ககத்துக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. பால்கனி அடியில் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறது. இடித்துக் கட்டுவது என்று முடிவாகிவிட்டது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பிறகு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்பதால், ஒருவர் முறுக்கிக்கொண்டால் எல்லோரும் காத்திருக்க வேண்டிய நிலை இல்லை. கீழே கார் நிறுத்தம், மேலே நாலு மாடி, 16 வீடு. அதில் 12 எங்களுக்கு, மீதி 4 வீட்டை விற்றுச் செலவைச் சமாளிப்பது என்பது திட்டம். எங்களில் பாதிப்பேர் ஓய்வுபெற்றவர்கள். கையிலிருந்து பெரிதாகப் போட யாரிடமும் கிடையாது.

மூன்று ஒப்பந்ததாரர்களிடம் விலை கேட்டோம். ஒருவர் செங்கல் என்றார், இன்னொருவர் ஏ.ஏ.சி. பிளாக் (உள்ளே காற்றுக் குமிழிகள் உள்ள எடை குறைந்த கான்கிரீட் கட்டி) என்றார், மூன்றாமவர் மைவான் முறையில், அதாவது அலுமினிய அச்சுக்குள் கான்கிரீட்டை ஊற்றி, முழுக் கான்கிரீட் சுவர் என்றார். மூவரும் கூடவே சோலார் போட்டுத் தருகிறேன் என்றார்கள். மொட்டை மாடிக்கு என்ன செய்வீர்கள், ஜன்னல் எப்படித் திறக்கும் என்று மூவருமே வாயைத் திறக்கவில்லை. சங்கத்தில் கட்டுமானம் தெரிந்தவன் என்று பெயர் வாங்கிவிட்ட பாவத்துக்கு, ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான்: பிறகு மாற்ற முடியாதது எதுவோ அதற்கு முதலில் பணம். சோலாரை ஐந்து வருடம் கழித்தும் மாட்டலாம், ஃபேனை நாளைக்கே மாற்றலாம். சுவரையும் ஜன்னல் இருக்கும் திசையையும் ஒரு தடவைதான் தீர்மானிக்க முடியும்.

எல்லோரும் சுவரைப் பற்றியே கேட்டதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு சதுர மீட்டர் சுவர். உள்ளே ஒரு வெப்பநிலை, வெளியே அதைவிட 1 டிகிரி அதிகம். அந்தச் சுவர் வழியாக எத்தனை வாட் வெப்பம் உள்ளே வருகிறது என்பதுதான் யு-மதிப்பு. குறைந்தால் நல்லது. இருபுறமும் பூசிய 9 அங்குலச் செங்கல் சுவருக்கு அது ஏறக்குறைய 2. எட்டு அங்குல ஏ.ஏ.சி. சுவருக்கு 0.7 அல்லது 0.8. ஆறு அங்குலக் கான்கிரீட் சுவருக்கு மூன்றரைக்கு மேல். பத்தடிக்குப் பத்தடி மேற்குச் சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெயில் பட்ட வெளிமுகத்துக்கும் அறைக்கும் 15 டிகிரி வித்தியாசம் என்றால், கான்கிரீட் சுவர் சுமார் 500 வாட்டை உள்ளே விடும், செங்கல் 280 வாட், ஏ.ஏ.சி. 100 வாட். நிஜத்தில் வெயில் ஏறி இறங்கும், கணக்கு இவ்வளவு நேராக இருக்காது. ஆனால் வரிசை மாறாது.

மைவான்காரரை இங்கேயே அனுப்பிவிட்டோம், வெப்பம் மட்டும் காரணமில்லை. அந்த அலுமினிய அச்சை ஒரு தடவை செய்துவிட்டு நூற்றுக்கணக்கான வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால்தான் அந்த முறை கட்டுப்படியாகும். 16 வீட்டுக்கு அந்தச் செலவு தாங்காது. பெரும்பாக்கத்தில் மத்திய அரசின் லைட் ஹவுஸ் திட்டத்தில் முன்வார்ப்புக் கான்கிரீட் பாகங்களைப் பொருத்திக் கட்டி 2022 மே மாதம் திறந்தார்களே, அது 1152 வீடு. அந்த அளவில் தொழிற்சாலை முறைக்கு அர்த்தம் இருக்கிறது. நம்முடையது பெட்டிக்கடை, அதற்குப் பெட்டிக்கடைக் கணக்குதான். இன்னொன்று, மைவான் கட்டடத்தில் எல்லாச் சுவரும் பாரம் தாங்கும் சுவர். பத்து வருடம் கழித்து மருமகள் வருகிறாள், ஒரு அறையைப் பெரிதாக்கலாம் என்றால் முடியாது.

செங்கல்லா, ஃபிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கல்லா என்று ஒரு கிளை வாதம் ஓடியது. ஃபிளை ஆஷ் போட்டால் வீடு குளிர்ச்சியாக இருக்கும் என்று யாரோ வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்தார்கள். அப்படியெல்லாம் இல்லை, வெப்பத்தைக் கடத்துவதில் இரண்டும் பங்காளிகள். ஃபிளை ஆஷ் கல்லின் நன்மை வேறு: சூளைக்கு விறகும் நிலக்கரியும் வேண்டாம், வயல் மண்ணைச் சுரண்ட வேண்டாம், கல் ஒரே அளவாக இருப்பதால் பூச்சு கனம் குறையும். அனல் மின்நிலையத்துச் சாம்பலுக்கு ஒரு வழியும் கிடைக்கிறது. நல்ல காரணங்கள்தான், ஆனால் கரண்ட் பில்லைக் குறைக்கிற காரணங்கள் அல்ல. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு எனக்கு மிகவும் பிடித்தது. கல்லை நிமிர்த்தி வைத்து நடுவில் காற்றிடம் விட்டுக் கட்டுவார்கள், கால்வாசிக் கல் மிச்சமாகும். அதைக் கட்டத் தெரிந்த மேஸ்திரியை இங்கே தேடித் தேடிக் களைத்ததுதான் மிச்சம்.

ஆக, போட்டி செங்கல்லுக்கும் ஏ.ஏ.சி.க்கும். ஒரு கன மீட்டர் சுவருக்குச் செங்கல் என்றால் ஏறக்குறைய 500 கல் வேண்டும், இரண்டடி நீள ஏ.ஏ.சி. பிளாக் என்றால் நாற்பத்துச் சொச்சம். எடை மூன்றில் ஒரு பங்குதான். அதனால் தூணிலும் உத்தரத்திலும் கொஞ்சம் கம்பி குறையும், வேலையும் சீக்கிரம் முடியும். சுவர் மெலிவதால் வீட்டுக்குள் இடம் கூடும் என்று விற்பனையாளர் பெரிதாகச் சொன்னார். 40 அடி வெளிச்சுவர் உள்ள வீட்டில் ஒரு அங்குலத்துக்குச் சற்று மேல் மிச்சம் என்றால் 4 சதுர அடி. ஒரு ஸ்டூல் போடலாம்.

ஏ.ஏ.சி.யின் குறைகளையும் மறைக்கக் கூடாது. மாதிரிக்கு நாலு பிளாக் வாங்கி வந்து வாசலில் வைத்திருந்தோம். மேஸ்திரி ஒன்றை எடுத்துச் சாவியால் கீறிக் காட்டினார், மாவு உதிர்ந்தது. "சார், இதுல சாதா ஆணி நிக்காது. காலண்டர் மாட்டலாம், கீசர் மாட்டினா ஒருநாள் தலையில விழும்" என்றார். அதற்குத் தனி ஆங்கர் இருக்கிறது, போட வேண்டும். அப்புறம், பிளாக் சுவரும் கான்கிரீட் உத்தரமும் சேரும் இடத்தில் கண்ணாடி இழை வலை வைத்துப் பூசாவிட்டால் இரண்டாவது வருடமே கோடு விழும். பிளாக்குக்கு நடுவே வழக்கமான சிமென்ட் கலவையைத் திண்டாக வைத்துக் கட்டினால் பாதிப் பயன் போச்சு. அதற்கென்று வருகிற ஒட்டுக்கலவையை மெல்லிசாகத் தடவ வேண்டும். என் தங்கை வீட்டில் இந்த மூன்றையுமே செய்யவில்லை. மழைக்காலத்தில் சுவரில் நதி வரைபடம் மாதிரி விரிசல். பிளாக்கைத்தான் எல்லோரும் திட்டினார்கள், கட்டிய கையை யாரும் திட்டவில்லை.

ஒரு விஷயம் சொன்னால் வியப்பாக இருக்கும்: ஏ.ஏ.சி. அறை தானாகக் குளிராது. வெளியிலிருந்து வெப்பம் மெதுவாக வருகிறது, உள்ளே உண்டான வெப்பமும் மெதுவாகத்தான் போகிறது. ஏசி உள்ள அறைக்கு இது வரப்பிரசாதம், சட்டென்று குளிர்ந்துவிடும். ஏசி இல்லாத அறையில் இரவு ஜன்னலைத் திறந்து காற்றை ஓடவிட்டால்தான் பலன். எங்கள் 12 வீட்டில் 5 வீட்டுக்கு ஏசி கிடையாது. அதனால் பேச்சு தானாக ஜன்னலுக்குத் திரும்பியது.

நாலடிக்கு நாலடி ஜன்னல், மேற்குப் பார்த்தது, திரை மட்டும் உண்டு, வெளியே மறைப்பு எதுவும் இல்லை. ஏப்ரல் கடைசியில் மாலை நாலு மணிக்கு அதன் வழியாக 600 வாட்டுக்கு மேல் உள்ளே வரும். அதாவது மேலே சொன்ன பத்தடிக் கான்கிரீட் சுவர் முழுவதும் விடுவதைவிட இந்த ஒரு கண்ணாடி அதிகம் விடுகிறது. அறைக்குள் ஒரு அயர்ன் பாக்ஸைப் போட்டு அதை ஏசியால் விரட்டுகிற கதை. ஒரு டன் ஏசியின் குளிர்விக்கும் திறன் 3.5 கிலோவாட். அதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கிட்ட இந்த ஜன்னலுக்கே போய்விடும். சுவருக்கு ஏ.ஏ.சி. போட்டுவிட்டு ஜன்னலை இப்படி விட்டால் என்ன பிரயோஜனம்?

சன்ஷேட் இருக்கிறதே என்றார் ஒருவர். வடக்கிலும் தெற்கிலும் அது போதும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும், ஆகவே வடக்கு ஜன்னலுக்கு வெயிலே வராது என்பது கட்டுக்கதை. ஆனால் அது மிக உயரத்திலிருந்து விழுகிற வெயில். இரண்டடி சன்ஷேட் உச்சிவேளையில் நாலடி ஜன்னலை முழுக்க மறைத்துவிடும். மேற்கில் கதை வேறு. நாலு மணிக்குச் சூரியன் 33 டிகிரி உயரத்தில் நிற்கிறது. அதே இரண்டடி சன்ஷேடின் நிழல் ஜன்னலில் ஒன்றேகால் அடிதான் இறங்கும். ஐந்து மணிக்கு முக்கால் அடி. மேற்கில் ஜன்னலே வைக்காமல் இருப்பது உத்தமம். வைத்தே ஆக வேண்டுமென்றால் வெளிப்பக்கம் மூடுகிற மரச்சட்டக் கதவோ, பழைய வீடுகளில் இருக்கும் துளைகள் விட்ட ஜாலித் தடுப்போ, மூங்கில் தட்டியோ வேண்டும். உள்ளே தொங்கும் திரை, வெயில் வீட்டுக்குள் வந்த பிறகு அதை வரவேற்கும் திரை.

இங்கே வாஸ்து குறுக்கே வந்தது. கன்னி மூலையில்தான் பெரிய படுக்கையறை இருக்க வேண்டும் என்று தரைத்தளத்து மாமா பிடிவாதம். கன்னி மூலை என்றால் தென்மேற்கு, மாலை வெயில் நேராக இறங்குகிற மூலை. அக்னி மூலையில் சமையலறை வேண்டும் என்றார், அதுதான் கடற்காற்று வருகிற தென்கிழக்கு. கடலிலிருந்து தள்ளி இருக்கும் அம்பத்தூருக்கு அந்தக் காற்று வந்து சேரவே நேரமாகும், வந்ததும் தாளிப்பு வாசனையோடு வீட்டுக்குள் நுழையும். மாமாவோடு சண்டை போட்டுப் பயனில்லை, அவர் ஓட்டும் ஒரு ஓட்டுதான். ஆர்க்கிடெக்ட் பெண் ஒரு வழி சொன்னார். படுக்கையறை கன்னி மூலையிலேயே இருக்கட்டும். அதன் மேற்குச் சுவரில் ஜன்னல் வேண்டாம், தரையிலிருந்து லாஃப்ட் வரை துணி அலமாரி வரட்டும். ஜன்னல் தெற்கில். படிக்கட்டு, லிஃப்ட், கழிவறை எல்லாம் கட்டடத்தின் மேற்கு ஓரத்துக்குப் போகட்டும், வெயிலை அவை வாங்கிக்கொள்ளும். மாமா வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் சொன்னதுதானேம்மா இது" என்றார். செலவு ஒரு ரூபாய் கூடவில்லை. மொத்த ஒப்பீட்டிலும் இதைவிட மலிவான சேமிப்பு எனக்குத் தட்டுப்படவில்லை.

ஜன்னல் எப்படித் திறக்கிறது என்பதற்கு வருகிறேன். மூன்று விலைப்பட்டியலிலும் இருந்தது யு.பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் சட்டத்தில் ஸ்லைடிங். பார்க்க அழகு, கொசுவலையும் சுலபம். ஆனால் ஸ்லைடிங்கில் ஒரு பாதி எப்போதும் மூடியே கிடக்கும். மத்திய எரிசக்தித் திறன் பணியகம் 2018இல் வீடுகளுக்கென்று கொண்டுவந்த எகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு, சென்னை மாதிரி வெக்கையும் புழுக்கமும் உள்ள ஊர்களில் வீட்டின் உட்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கக்கூடிய பரப்பாக இருக்க வேண்டும் என்கிறது. பத்துக்குப் பத்து அறைக்கு அது 16 சதுர அடிக்குச் சற்று மேல். நாலடி ஜன்னல் முழுக்கத் திறந்தால் 16, ஸ்லைடிங் என்றால் 8. அதே ஓட்டை, அதே சட்டம், பாதிக் காற்று. பழைய கொண்டி ஜன்னலைத்தான் கேஸ்மென்ட் என்று புதுப்பெயரில் விற்கிறார்கள், அதையே கேட்டோம். விலை கொஞ்சம் கூடுதல்தான்.

அதே சம்ஹிதா சுவரைத் தனியாக அளப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சுவர், கண்ணாடி, நிழல் மூன்றையும் சேர்த்து, வெளி உறை வழியாக வரும் வெப்பம் சதுர மீட்டருக்குச் சராசரியாக 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆகவே ஏ.ஏ.சி.க்குப் பணம் இல்லாதவர் செங்கல் சுவரே கட்டி, வெளியே வெள்ளை அடித்து, கண்ணாடியைக் குறைத்து, நிழலைக் கூட்டினாலும் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வரலாம். நடுவில் மாட்டிக்கொண்ட வீடுகளுக்குக் காற்று எப்படி என்று கேட்டால் குஜராத்தின் ராஜ்கோட்டைப் பார்க்கலாம். அங்கே ஸ்மார்ட் கர் என்ற பெயரில் கட்டிய 1176 மலிவு வீடுகளில், குழாய் போகிற டக்டையே மேலே காற்றை இழுக்கும் புகைபோக்கி மாதிரி மாற்றினார்கள். எங்கள் கட்டடத்தில் டக்ட் எப்படியும் வரப்போகிறது. அதன் மேல்வாயைக் கான்கிரீட் பலகை போட்டு மூடாமல், மழை உள்ளே வராதபடி பக்கவாட்டில் திறந்துவிடச் சொல்லியிருக்கிறோம்.

கூரையில்தான் பெரிய சண்டை.

நம் பக்கத்துப் பழைய முறை, செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து மூன்று அங்குலம் போட்டு அதன் மேல் தட்டோடு பதிப்பது. மழைக்கு நல்லது, வெயிலுக்குச் சுமார். யு-மதிப்பு இரண்டரையை ஒட்டி வரும், சம்ஹிதா கூரைக்கு வைத்த வரம்பு 1.2. வெள்ளை கூல் டைல்ஸ் இரண்டாவது வழி. வெப்பத்தைத் தடுப்பதைவிடத் திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. பக்கத்துக் கட்டடத்தில் போட்டிருக்கிறார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் அங்கே வெறுங்காலில் நடக்கிறார்கள், எங்கள் தட்டோட்டில் குதித்துக் குதித்துத்தான் போக வேண்டும். ஆனால் வருடம் ஒரு தடவையாவது தேய்த்துக் கழுவாவிட்டால் அழுக்கும் பாசியும் படிந்து வெள்ளை சாம்பலாகிவிடும். மூன்றாவது வழி, நீர்த்தடுப்புப் பூச்சின் மேல் எக்ஸ்.பி.எஸ். என்ற இறுகிய நுரைப் பலகையைப் பரப்பி, அதன் மேல் கான்கிரீட்டும் டைல்ஸும். 50 மில்லிமீட்டர் பலகை போட்டால் வரம்பில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். கூரையில் தோட்டம் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. நீர்க்கசிவால் நொந்துபோன மேல் மாடிக்காரர்கள் நாங்கள் நால்வரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம்.

மூன்றாவது வழிதான் சரி என்று எனக்குப் பட்டது, மேலே வெள்ளை டைல்ஸோடு. பிரச்சினை பணம். "மேல் மாடிக்காரருக்குத்தானே லாபம், நாங்கள் எதுக்குக் கொடுக்கணும்?" என்று முதல் மாடி அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. விற்கப்போகிற 4 வீடும் மேல் மாடியிலேயே வரட்டும், வாங்குகிறவர் பாடு என்று இன்னொருவர் மெல்லச் சொன்னார். பில்டர் மிச்சம் பிடிப்பதும் வாங்குகிறவர் முப்பது வருடம் மின்கட்டணத்தில் கட்டித் தீர்ப்பதும் இப்படித்தான் தொடங்குகிறது. கட்டுகிறவர் வேறு, பில் கட்டுகிறவர் வேறு. நாங்களே பில்டர் இடத்துக்கு வந்ததும் அந்தப் புத்தி எங்களுக்கும் வந்துவிட்டது பாருங்கள். கடைசியில் அந்த அக்காவே ஒத்துக்கொண்டார், காரணம் சூட்டைப் பற்றியது அல்ல. தளம் பகலில் விரிந்து இரவில் சுருங்குவது குறைந்தால் விரிசலும் கசிவும் குறையும், கசிவைச் சரிசெய்வது பொதுச்செலவு என்று விளக்கியதும் கணக்கு அவருக்குப் பிடிபட்டது. மொட்டை மாடி எல்லோருக்கும் பொது, ஆகவே 16 பங்காகப் பிரிப்பது என்று முடிவு.

சோலாருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் ஒரு கிலோவாட் பலகை ஒரு நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். பொது மீட்டருக்கு அது உதவும், ஏனென்றால் பொதுப் பயன்பாட்டுக்கு யூனிட் விலை அதிகம். 2023இல் அறிவித்த கட்டணச் சலுகையும் 10 வீட்டுக்கு உட்பட்ட, மூன்று மாடிக்கு மேற்படாத, லிஃப்ட் இல்லாத கட்டடங்களுக்குத்தான், எங்களுக்கு ஒட்டாது. மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் சோலார் திட்டத்தில் குடியிருப்புச் சங்கங்களின் பொது வசதிக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியமும் இருக்கிறது. எல்லாம் சரி, ஆனால் இரவில் வேகும் படுக்கையறைக்குப் பகல் சோலார் பதில் இல்லை. இப்போதைக்கு மொட்டை மாடியில் தாங்குகால்களுக்கான கான்கிரீட் திண்டும், கீழே மீட்டர் அறை வரை ஒரு காலிக் குழாயும் விட்டு வைக்கிறோம். நீர்த்தடுப்பைப் பிறகு துளைக்காமல் இருந்தால் போதும்.

ஃபேன் அவரவர் வாங்கிக்கொள்வது. பழைய ஃபேன் 75 வாட், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டை ஒட்டி. ஏசி இல்லாத வீட்டில் நாளெல்லாம் சுற்றுவது அதுதான். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்ற கணக்கில் வாழ்கிற வீட்டுக்கு இந்த வித்தியாசம் சின்னதல்ல.

ஆக நாங்கள் வந்து நின்ற இடம் இது: வெளிச்சுவர் ஏ.ஏ.சி., குளியலறைக்கும் டக்டுக்கும் ஃபிளை ஆஷ் கல், கேஸ்மென்ட் ஜன்னல், மேற்கில் படிக்கட்டும் அலமாரியும், கூரையில் நுரைப் பலகையும் வெள்ளை டைல்ஸும், சோலார் பிறகு. பணம் இன்னும் இறுக்கமாகி ஒன்றை விட்டே ஆக வேண்டும் என்றால் ஏ.ஏ.சி.யை விட்டுவிட்டு ஃபிளை ஆஷுக்குப் போவேன், கூரையையும் ஜன்னலையும் தொடமாட்டேன். முதல் ஒப்பந்ததாரர்தான் குறைந்த விலை, அவரே இந்தப் பட்டியலுக்கு மறுவிலை கொடுத்திருக்கிறார்.

போன ஞாயிறு ஒப்பந்த வரைவை வரிவரியாகப் படித்தோம். ஒவ்வொரு பொருளுக்கும் பின்னால் "அல்லது அதற்கு இணையானது" என்று இருந்தது. தெர்மோகோலும் பார்வைக்கு எக்ஸ்.பி.எஸ்.க்கு இணையானதுதான். அந்தச் சொற்களைப் பதினோரு இடத்தில் அடித்தோம். பலகையின் கனம் 50 மில்லிமீட்டர் என்று எண்ணிலும் எழுத்திலும், உத்தரம் சேரும் இடமெல்லாம் இழை வலை என்று தனி வரியாகவும் எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.